ரகசிய மெய்நிகர் கணினிக்குச் சாதனம்: கர்னலில் கதவை எங்கே வைப்பது?

சர்வரும், அதில் மெய்நிகர் கணினிகளை நடத்தும் ஹைப்பர்வைசர் மென்பொருளும் அடுத்தவருடையதாக இருந்தாலும், உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியின், அதாவது கெஸ்ட்டின், நினைவகத்தை அவர்களால் படிக்க முடியாது. ரகசிய மெய்நிகர் கணினி தரும் வாக்குறுதி இதுதான். ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ், ஆர்மின் சிசிஏ ஆகிய மூன்றும் அதை வெவ்வேறு வழிகளில் நிறைவேற்றுகின்றன. ஆனால் அந்தக் காப்பு செயலியின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. ஜிபியு, நெட்வொர்க் கார்டு, என்விஎம்இ வட்டு எல்லாம் அந்த விளிம்புக்கு வெளியே நிற்கின்றன. கெஸ்ட்டின் தனி நினைவகத்தைத் தொட அவற்றுக்கு அனுமதி கிடையாது.

அதனால் தரவு சுற்றுவழியில் போகிறது. கெஸ்ட் தன் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பகிர்ந்த நினைவகமாகத் திறந்துவைக்கிறது. அனுப்ப வேண்டியதை அங்கே நகலெடுக்கிறது. சாதனம் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் எஸ்டபிள்யூ-ஐஓடிஎல்பி, எஸ்இவி கெஸ்ட்டில் மொத்த நினைவகத்தில் 6 சதவீதம் வரை, அதிகபட்சம் 1 ஜிபி, இதற்கென ஒதுக்கிவைக்கிறது. என்விடியாவின் எச்100 ஜிபியுவும் ரகசியப் பயன்முறையில் இந்தச் சுற்றுவழியில்தான் ஓடுகிறது: டிரைவர் தரவைக் குறியாக்கம் செய்து பகிர்ந்த நினைவகத்தில் வைக்கிறது, கார்டு அதை எடுத்து உள்ளே அவிழ்க்கிறது. பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் நகலெடுப்பு, குறியாக்கம் என்று இரண்டு கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர்க்கும் வன்பொருள் ஏற்பாடு இப்போது வந்துவிட்டது. சாதனம் தன் அடையாளத்தையும், தனக்குள் ஓடும் ஃபர்ம்வேர் எது என்று காட்டும் அளவீடுகளையும் எஸ்பிடிஎம் நெறிமுறையில் கையொப்பமிட்டுச் சொல்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஓடுவதை ஐடிஇ குறியாக்கம் செய்கிறது. இவை இரண்டின் மேல் டிடிஐஎஸ்பி என்ற நெறிமுறை உட்கார்ந்து, சாதனத்தின் ஓர் இடைமுகத்தை நான்கு நிலைகளுக்குள் நடத்துகிறது: பூட்டப்படாதது, பூட்டப்பட்டது, ஓடுவது, பிழையில் விழுந்தது. பூட்டிய பிறகு ஹோஸ்ட், அதாவது கெஸ்ட்டை நடத்தும் சர்வர், அதன் முகவரிப் பதிவேடுகளை மாற்றினால் அது பிழை நிலைக்குப் போய்விடும். 'ஓடுவது' நிலைக்கு வந்த சாதனம் கெஸ்ட்டின் தனி நினைவகத்தை நேரடியாகத் தொடலாம்.

வன்பொருள் முடிந்தது என்றால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் செய்ய வேண்டிய வேலை சும்மா கம்பியிழுப்பு என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் மிகக் கடினமான முடிவுகள் இங்கேதான் காத்திருக்கின்றன. லினக்ஸில் பயனர் நிரல்களுக்கு ஒரு இடைமுகத்தைத் திறந்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட சட்டத்தைவிட உறுதியானது. அவசரத்தில் வைத்த கதவு இருபது வருடம் அங்கேயே இருக்கும்.

இதற்கு ஓர் எச்சரிக்கை நம் கண் முன்னேயே இருக்கிறது. கெஸ்ட் தன்னைப் பற்றிய நம்பகச் சான்றை எடுக்கும் இடைமுகம் முதலில் நிறுவனவாரியாக வந்தது. லினக்ஸ் 5.19-இல் ஏஎம்டிக்கு ஒரு சாதனக் கோப்பு, 6.2-இல் இன்டெலுக்கு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐஆக்டில் (சாதனக் கோப்பு வழியே கர்னலுக்குக் கட்டளையிடும் அழைப்பு). மேலே எழுதப்பட்ட ஒவ்வொரு நிரலும் இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 6.7-இல்தான் கான்ஃபிக்எஃப்எஸ் என்ற கர்னல் கோப்பமைப்பு வழியாக ஒரு பொதுவான இடைமுகம் வந்தது. பழைய இரண்டும் இன்றும் கர்னலில் இருக்கின்றன. சாதன ஒப்படைப்பில், அதாவது ஒரு சாதனத்தைக் கெஸ்ட்டின் கையிலேயே கொடுத்துவிடுவதில், இந்தத் தவறு மீண்டும் நடக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆகவே நிறுவனத்துக்கு ஒரு ஐஆக்டில் என்ற வழியை இந்த ஒப்பீட்டில் போட்டியாளராகவே சேர்க்கவில்லை.

மீதமிருக்கும் கேள்விகள் இரண்டு. ஹோஸ்ட் பக்கத்தில், 'இந்தச் சாதனத்தை இந்தக் கெஸ்ட்டோடு பிணை' என்ற கட்டளை எந்தத் துணை அமைப்பின் வாசலில் இருக்க வேண்டும்? கெஸ்ட் பக்கத்தில், 'இந்தச் சாதனத்தை ஏற்கிறேன்' என்று சொல்லும் உரிமை யாருடையது?

ஹோஸ்ட் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே கர்னலின் மூன்று துணை அமைப்புகள் உரிமை கோருகின்றன: மெய்நிகர் கணினிகளை நடத்தும் கேவிஎம், சாதனங்களைப் பயனர் நிரலுக்குக் கொடுக்கும் விஎஃப்ஐஓ, சாதனங்களின் நினைவக அணுகலை நிர்வகிக்கும் ஐஓஎம்எம்யூஎஃப்டி.

கேவிஎம் பக்கத்து நியாயம் இது. பிணைப்பு என்பது கடைசியில் பாதுகாப்பு ஃபர்ம்வேருக்குப் போகும் ஒரு கோரிக்கை. இன்டெலில் அது டிடிஎக்ஸ் மாட்யூல், ஏஎம்டியில் பாதுகாப்புச் செயலியின் ஃபர்ம்வேர், ஆர்மில் ஆர்எம்எம். அந்தக் கோரிக்கையில் கெஸ்ட்டின் அடையாளம் இருந்தாக வேண்டும், அந்த அடையாளம் கேவிஎம்மிடம்தான் இருக்கிறது. கெஸ்ட் உள்ளிருந்து 'பூட்டு' என்று கேட்கும்போது அந்த அழைப்பு முதலில் வந்து விழுவதும் கேவிஎம்மின் கையில்தான். ஒரு முன்மாதிரி எழுத வேண்டுமென்றால் நான் இங்கேயே எழுதுவேன். இரண்டு வாரத்தில் ஓடிவிடும். ஆனால் கேவிஎம்முக்கு பிசிஐ என்றால் என்னவென்று தெரியாது. சாதனம் பிடுங்கப்பட்டதும், மீட்டமைக்கப்பட்டதும், மின்சேமிப்பில் தூங்கப்போனதும் அதன் காதுக்கு எட்டாது. எல்லாவற்றையும் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு தூதுவன் வேண்டும், ஒரு நாள் அவன் சொல்ல மறந்துவிடுவான்.

விஎஃப்ஐஓ 2012-இல் லினக்ஸ் 3.6-இல் வந்தது. பயனர் நிரலுக்குச் சாதனத்தைப் பாதுகாப்பாகக் கொடுப்பதில் அதற்கு நிகரான அனுபவம் வேறெதற்கும் இல்லை. சாதனத்தின் பிசிஐ அமைப்புப் பகுதியும் மீட்டமைப்பும் சாதன நினைவகத்தைப் பயனர் நிரலின் முகவரி வெளியில் தெரியும்படி வரைந்துகொடுப்பதும் அதன் பொறுப்பு. இந்த அறிவு இங்கே மிகவும் தேவைப்படுகிறது. பிணைக்கப்பட்ட சாதனத்துக்கு விஎஃப்ஐஓ வழக்கம்போல ஒரு மீட்டமைப்பு அனுப்பினால், ஓடிக்கொண்டிருந்த இடைமுகம் கவிழ்ந்துவிடும். மெய்நிகர் கணினியை நடத்தும் பயனர் நிரலான கியூஇஎம்யூ எப்போதும் செய்வதுபோலச் சாதனத்தின் நினைவகப் பகுதியைத் தன் முகவரி வெளியில் வரைந்துவைத்திருந்தால், கெஸ்ட்டுக்கு மட்டும் உரியதாகிவிட்ட இடத்தை ஹோஸ்ட் தவறுதலாகத் தொடும் வழி திறந்தே கிடக்கும். ஆகவே பிணைப்பதற்கு முன் அந்த வரைவுகளை எடுத்துவிட வேண்டும், மீட்டமைப்பதற்கு முன் பிணைப்பை அவிழ்க்க வேண்டும். இந்த வரிசையை நடத்தும் கை விஎஃப்ஐஓவிடம் இருக்கிறது.

அப்படியானால் விஎஃப்ஐஓவே போதுமே என்று கேட்கலாம். நானும் வெகுநாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என்னை மாற்றியது, கெஸ்ட்டின் பார்வையில் இந்தச் சாதனத்தின் எண் என்ன என்ற சிறிய விவரம். ஹோஸ்ட்டில் ஒரு பஸ் எண்ணில் இருக்கும் கார்டு கெஸ்ட்டுக்குள் வேறொரு எண்ணில் தெரியும். கெஸ்ட் பூட்டச் சொல்லும் கார்டும் ஹோஸ்ட் பூட்டும் கார்டும் ஒன்றே என்று பாதுகாப்பு ஃபர்ம்வேர் உறுதி செய்ய அந்த இரண்டு எண்களும் ஒரே இடத்தில் சேர வேண்டும். விஎஃப்ஐஓவுக்குக் கெஸ்ட் எண் தெரியாது. அதற்கென்று கற்றுக்கொடுக்கலாம்தான், ஆனால் அதை ஏற்கெனவே அறிந்த ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

ஐஓஎம்எம்யூஎஃப்டி லினக்ஸ் 6.2-இல் வந்தது. சாதனம் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் ஐஓஎம்எம்யூ அட்டவணைகளைப் பயனர் நிரல் நிர்வகிக்க ஒரே வாசல் தருவது அதன் வேலை. 6.13-இல் அதில் இரண்டு புதிய பொருள்கள் சேர்ந்தன. ஒன்று, உண்மையான ஐஓஎம்எம்யூவில் ஒரு கெஸ்ட்டுக்கு ஒதுக்கப்பட்ட பங்கைக் குறிப்பது. மற்றொன்று, அந்தக் கெஸ்ட்டின் கண்ணில் ஒரு சாதனம் எப்படித் தெரிகிறது என்பதைக் குறிப்பது; கெஸ்ட் எண் உட்கார்ந்திருப்பது இங்கேதான். ரகசிய ஒப்படைப்புக்காக இவை பிறக்கவில்லை என்றாலும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகின்றன. கெஸ்ட்டுக்குள் மெய்நிகர் ஐஓஎம்எம்யூ எதுவும் காட்டப்படாவிட்டாலும் இந்தப் பொருள்களை உருவாக்கிப் பயன்படுத்தலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்துப் பலர் இங்கே குழம்புகிறார்கள்.

மூவரில் யாரைத் தேர்வது? செட்டப் செய்வது எளிதா என்று பார்த்தால் மூன்றிலும் ஏதோ ஒரு வகையில் ஓட்டிவிடலாம். நான் பார்ப்பது, கடைசியில் எல்லாவற்றையும் பிரித்து மூடும் கலைப்பை. மெய்நிகர் கணினியை நடத்தும் நிரல் திடீரென்று கொல்லப்படுகிறது என்று வையுங்கள். கர்னல் அதன் கோப்புகளை ஒவ்வொன்றாக மூடும். கேவிஎம் கோப்பு முதலில் மூடப்படலாம், விஎஃப்ஐஓ கோப்பு முதலில் மூடப்படலாம். எந்த வரிசையையும் நம்பக் கூடாது. பாதுகாப்பு ஃபர்ம்வேருக்கோ வரிசை கட்டாயம்: சாதனத்தின் பிணைப்பு அவிழ்ந்து, அதன் நினைவக அணுகல் நின்று, பிறகுதான் கெஸ்ட்டின் நினைவகப் பக்கங்களைத் திரும்பப் பெறலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓரிடத்தில், சாதாரண ஒப்படைப்பிலேயே இப்படிப்பட்ட வரிசைப் பிழை ஒன்றை வாரக்கணக்கில் துரத்தினோம். மெய்நிகர் கணினியைத் தொடங்குவதில் ஒரு குறையும் வரவில்லை. நூற்றில் ஒருமுறை, அதைக் கொல்லும்போது மட்டும் சர்வரே உறைந்தது. அன்றிலிருந்து எந்த இடைமுகத்தைப் பார்த்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

ஐஓஎம்எம்யூஎஃப்டியின் பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாதனப் பொருள் இருக்கும்வரை அது சார்ந்த ஐஓஎம்எம்யூ பங்கை அழிக்க முடியாது. பங்கு தன் கெஸ்ட்டை ஒரு பிடியில் வைத்திருக்கும்படி செய்துவிட்டால் கெஸ்ட்டும் முன்கூட்டியே மறையாது. இதில் ஓர் ஓட்டை இருந்தது: விஎஃப்ஐஓ சாதனத்தை விடுவிக்கும்போது கெஸ்ட் பக்கத்துச் சாதனப் பொருள் மட்டும் அநாதையாக மிஞ்சலாம். 2025-இல் அது திருத்தப்பட்டது. உண்மைச் சாதனம் போகும்போது அதன் கெஸ்ட் வடிவமும் கூடவே அழிகிறது. பிணைப்பை அவிழ்க்கும் கட்டளைக்கு இயல்பான இடம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. எனவே என் தேர்வு ஐஓஎம்எம்யூஎஃப்டி, ஒரு நிபந்தனையோடு: மீட்டமைப்புக்கு முன்னும் சாதன நினைவகத்தின் வரைவுகளை மாற்றும் முன்னும் விஎஃப்ஐஓ அதனிடம் கேட்டாக வேண்டும். இந்த நிபந்தனை குறியீட்டில் கட்டாயமாக்கப்படாமல் ஆவணத்தில் மட்டும் எழுதப்பட்டால், என் வாக்கு விஎஃப்ஐஓவுக்கே திரும்பும்.

நினைவகம் பற்றி ஒரு குறிப்பு. விஎஃப்ஐஓவின் பழைய வழக்கம், பயனர் நிரலின் முகவரியைப் பெற்று அதன் பின்னுள்ள பக்கங்களைப் பிடித்துவைப்பது. ரகசியக் கெஸ்ட்டின் தனி நினைவகத்துக்கு, அதைக் கோப்பாக வைத்திருக்கும், லினக்ஸ் 6.8-இல் வந்த கெஸ்ட்-மெம்எஃப்டி காரணமாக, பயனர் முகவரியே தேவையில்லை. ஆகவே ஐஓஎம்எம்யூ வரைவும் முகவரியை விட்டுக் கோப்பின் வழியே போக வேண்டும். இதில் விவாதிக்க அதிகம் இல்லை. பக்கங்கள் தனி நிலையிலிருந்து பகிர்ந்த நிலைக்கு மாறும்போது பெரிய பக்க வரைவுகளை எப்படிப் பிளப்பது என்பதுதான் அங்கே தலைவலி, அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கெஸ்ட் பக்கம் வேறு உலகம். இங்கே நம்பத்தகாதவர் ஹோஸ்ட். கதவுக்கு உள்ளே இருப்பவர் கெஸ்ட். ஏற்றுக்கொள்வதன் எடை என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கெஸ்ட்டுக்குள் தனி ஐஓஎம்எம்யூ இல்லாதபோது, ஏற்கப்பட்ட சாதனம் கெஸ்ட்டின் தனி நினைவகம் முழுவதையும் தொடலாம். ஒரு நெட்வொர்க் கார்டை ஏற்பது, அதன் ஃபர்ம்வேரை எழுதியவருக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பதற்குச் சமம்.

முடிவை டிரைவரிடம் விடுவது முதல் வழி. அந்தந்தச் சாதனத்தை நன்கு அறிந்தது அதன் டிரைவர். எச்100 ஏற்பாட்டில் டிரைவர்தான் சாதனத்தோடு பாதுகாப்பான உரையாடலைத் தொடங்குகிறது. ஒரே நிறுவனம் சாதனத்தையும் டிரைவரையும் எழுதினால் இது நடக்கும். ஆனால் சாதனத்தைச் சோதிக்க வேண்டிய நிரலே அந்தச் சாதனத்துக்காக எழுதப்பட்ட நிரலாக இருப்பது எனக்கு ஒப்பவில்லை. மேலும், சோதனை முடிவதற்கு முன்பே டிரைவர் சாதனத்தோடு பேசத் தொடங்கிவிடுகிறது. எதிரில் இருப்பது பொய் சொல்லும் சாதனமாக இருக்கலாம் என்று எண்ணி எழுதப்பட்ட டிரைவர்கள் மிகச் சில. வெளிச் சாதனங்களை இணைக்கும் தண்டர்போல்ட் வழியே வரும் பொல்லாத சாதனங்கள் அந்த அப்பாவித்தனத்தை எப்படிச் சுரண்டலாம் என்பதை 2019-இல் தண்டர்கிளாப் ஆய்வு விரிவாகக் காட்டியது.

கர்னலே தானாகச் சோதித்து ஏற்பது இரண்டாவது வழி. துவக்கத்திலேயே எல்லாச் சாதனங்களையும் பூட்டி, சான்றிதழ்களைத் தான் நம்பும் சாவிகள் கொண்ட வளையத்தோடு ஒப்பிட்டு, சரியென்றால் ஏற்றுக்கொள்ளும். பயனர் நிரல் எதுவும் வேண்டாம் என்பது பெரிய கவர்ச்சி. ஆனால் சான்றிதழ் சரியாக இருந்தால் 'இது இன்னார் செய்த கார்டு' என்பது மட்டும்தான் தெரியும். அதில் ஓடும் ஃபர்ம்வேர் பழுதுள்ள பழைய பதிப்பா என்பதை அளவீடுகள் சொல்கின்றன. எந்த அளவீடு ஏற்கத்தக்கது என்ற பட்டியல் ஒவ்வொரு ஃபர்ம்வேர் வெளியீட்டிலும் மாறும். ஒரு வங்கிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கும் அது வேறுபடும். கொள்கையைக் கர்னலுக்குள் வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கர்னலைத் தொட வேண்டும்.

பயனர் நிரலிடம் முடிவை விடுவது மூன்றாவது வழி. கர்னல் பூட்டும், சான்றுகளை எடுத்துக்கொடுக்கும். ஒரு நிரல் அவற்றை உள்ளூரிலோ தொலைவிலுள்ள சரிபார்ப்பு சேவையிடமோ சோதித்துவிட்டு 'ஏற்கிறேன்' என்று எழுதும். அதன் பிறகே டிரைவர் அமரும். இதற்கு லினக்ஸில் நல்ல முன்னோடிகள் உண்டு. யுஎஸ்பி சாதனங்களுக்கு அனுமதி தரும் கோப்பு, சிஸ்எஃப்எஸ் என்ற கர்னல் கோப்பமைப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறது. தண்டர்போல்ட்டுக்கு 4.13-இல் அதே போன்ற ஒன்று வந்து, போல்ட் என்ற சேவை அதைக் கையாள்கிறது. தொலைச் சரிபார்ப்புக்கு நெட்வொர்க் வேண்டுமே, நெட்வொர்க் கார்டே இன்னும் ஏற்கப்படவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது தடையே இல்லை. சான்றுகள் கையொப்பமிடப்பட்டவை, பகிர்ந்த நினைவகத்தில் ஓடும் விர்ட்டியோ என்ற சாதாரண மெய்நிகர் நெட்வொர்க் கார்டு வழியே அனுப்பினாலும் நடுவில் யாரும் திருத்த முடியாது.

மூன்றாவது வழிக்கே என் வாக்கு. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை அடைக்காமல் விட்டால் முதல் இரண்டையும்விட மோசமாகிவிடும். நிலம் வாங்குபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். திங்கட்கிழமை வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறீர்கள், சுத்தமாக இருக்கிறது. வியாழக்கிழமை பத்திரம் பதிகிறீர்கள். நடுவில் செவ்வாய்க்கிழமை ஒருவர் அடமானம் வைத்துவிட்டால் உங்கள் கையிலிருக்கும் சான்று உண்மையானது, ஆனால் பயனற்றது. இங்கேயும் அப்படித்தான்: நிரல் சான்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் சில நொடிகளில் ஹோஸ்ட் சாதனத்தை மீட்டமைத்து, வேறு ஃபர்ம்வேரோடு மறுபடி பூட்டிவிட்டால், 'ஏற்கிறேன்' என்ற சொல் வேறொரு சாதனத்தின் மேல் விழும்.

டிடிஐஎஸ்பியை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பூட்டும்போது சாதனம் 32 பைட் கொண்ட ஒருமுறை எண் ஒன்றைத் தருகிறது. ஓடத் தொடங்கு என்ற கட்டளையில் அதே எண் இருந்தால்தான் சாதனம் கேட்கும். அதாவது பூட்டிய நொடிக்கும் ஓடும் நொடிக்கும் இடையில் சங்கிலி அறுபடுவதில்லை. பயனர் நிரலின் இடைமுகமும் அதே ஒழுக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதே இந்த ஒப்பீட்டில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே இடம். 'ஏற்கிறேன்' என்று வெறும் 1 எழுதும் கோப்பு போதாது. எந்தச் சான்றுத் தொகுப்பைப் பார்த்து முடிவெடுத்தாரோ அதன் சுருக்க எண்ணை, அல்லது கர்னல் ஒவ்வொரு பூட்டுக்கும் கொடுக்கும் தலைமுறை எண்ணை, நிரல் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் கர்னல் மறுக்க வேண்டும்.

சான்றுகளை வெளியே கொடுக்கும் வடிவத்திலும் கவனம் வேண்டும். சிஸ்எஃப்எஸ்ஸின் சாதாரணக் கோப்பு ஒரு பக்கத்துக்கு மேல், பெரும்பாலும் 4096 பைட்டுக்கு மேல், தராது. சான்றிதழ்ச் சங்கிலியும் அளவீடுகளும் இடைமுக அறிக்கையும் சேர்ந்தால் அதை எளிதாகத் தாண்டிவிடும். இருமக் கோப்பாகத் துண்டு துண்டாகப் படிக்கவைத்தால், படிக்கும் நடுவிலேயே தொகுப்பு மாறும் பழைய சிக்கல் வேறு வேடத்தில் வரும். கர்னலும் பயனர் நிரலும் செய்தி பரிமாறும் நெட்லிங்க் வழியே முழுத் தொகுப்பையும் தலைமுறை எண்ணோடு அனுப்புவது எனக்குச் சரியாகப் படுகிறது. பூட்டு, ஏற்பு ஆகிய கட்டளைகள் சிஸ்எஃப்எஸ்ஸில் இருக்கட்டும். சங்கடமான நேரத்தில் ஓர் ஆபரேட்டர் கையாலேயே எழுதிப் பார்க்க அது உதவும்.

லினக்ஸ் 6.19-இல் பிசிஐ பாதுகாப்புக்கான அடித்தளம் சேர்ந்தது. சாதனத்தோடு பாதுகாப்பான உரையாடலைத் தொடங்கி இணைப்பைக் குறியாக்கம் செய்யும் ஹோஸ்ட் பக்கக் கட்டளை அதில் இருக்கிறது, ஏஎம்டியின் சாதன ஒப்படைப்பு ஏற்பாடான எஸ்இவி-டிஐஓ அதன் முதல் பயனாளிகளில் ஒன்று. கெஸ்ட் பக்கத்துப் பூட்டும் ஏற்பும் அந்தப் பதிப்போடு வரவில்லை. அவசரப்படாமல் அடுக்கடுக்காகக் கொண்டுவருவது நல்ல முறை என்றே நினைக்கிறேன்; தலைமுறை எண் போன்றவற்றை உள்ளே வைக்க இன்னும் இடம் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் சாதனம் பிழை நிலைக்கு விழுந்தால் என்ன செய்வது என்பதில் கருத்துகள் வலுவாகப் பிரிகின்றன. கர்னல் தானாகவே மறுபடி பூட்டி, முன்பு ஏற்ற சாதனம்தானே என்று ஓடவைத்தால், ஏஐ பயிற்சியின் நடுவில் இருக்கும் ஜிபியு வேலை தப்பிக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு எவ்வளவு மணிநேரம் செலவாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பிழை நிலையைத் தூண்டும் கை ஹோஸ்ட்டின் கையாக இருக்கலாம். மீட்டமைப்புக்குப் பின் எழுந்து வருவது அதே ஃபர்ம்வேர்தான் என்பதற்குப் பழைய சான்று சாட்சி சொல்லாது. டிரைவரைக் கழற்ற வேண்டும், புதிதாகப் பூட்ட வேண்டும், புதிய சான்று புதிய தலைமுறை எண்ணோடு பயனர் நிரலிடம் போக வேண்டும். அது மறுபடி சரியென்று சொல்லும்வரை அந்த ஜிபியு காத்திருக்கட்டும்.